தோளில் ஊசி, மூச்சில் குத்தல்

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறேன். 44 கிலோதான் இருப்பேன். இரண்டு வருடமாக வலது தோளும் கழுத்தும் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. திங்கட்கிழமை எங்கள் தெரு பிசியோதெரபிஸ்ட் 'ட்ரை நீட்லிங்' என்று நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் நான்கு ஊசி குத்தினார். ஒரு ஊசிக்குச் சதை துள்ளியது. நரம்பில் பட்டிருக்குமோ? அந்த இடம் ஊதாவாகக் கன்றியிருக்கிறது. பாக்கெட்டை என் முன்னால்தான் பிரித்தார், ஆனாலும் எய்ட்ஸ் வருமோ என்று பயம். அன்று சாயங்காலம் மூச்சை இழுத்தால் காறை எலும்புக்குக் கீழே குத்தியது. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீரும் கேஸ் மாத்திரையும் எடுத்தேன். மாடி ஏறினால் இன்னும் இரைக்கிறது. இதனால் கை விழுந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். அக்குபஞ்சரும் இதுவும் ஒன்றா? ஊசிப் பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறதே, நானே போட்டுவிடுகிறேன் என்று வீட்டுக்காரர் வாங்கியும்விட்டார். பிசியோ தம்பி நல்ல பையன். போன மாதம்தான் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தாராம். என்னை வைத்துப் பழகிவிட்டாரோ? வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார். போகலாமா?

பதில்: வாயுதான். ஆனால் வயிற்றில் இல்லை, நெஞ்சுக்கூட்டுக்குள்.

கடிதம் வந்த இரவே உங்களுக்கு இரண்டு வரி அனுப்பினேன்: விடியும்வரை காத்திருக்க வேண்டாம், நின்றபடி நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள் என்று. எடுத்தீர்கள். வலது நுரையீரலின் உச்சியில், நுரையீரலுக்கு வெளியே, மெல்லிய கீற்றாகக் காற்று நிற்பது படத்தில் தெரிந்தது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, குழாய் எதுவும் போடாமலே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்லது. இனி எழுதுவது உங்களுக்கும், இதே ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து கேஸ் மாத்திரை தேடும் மற்றவர்களுக்கும்.

நுரையீரல் நெஞ்சுக்குள் அடக்கமாக இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் உச்சி, காறை எலும்பின் உட்பகுதிக்கு மேலே 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை எட்டிப் பார்க்கும். பை மாட்டும் இடத்தில் இருக்கிற தோள் சதைக்குக் கீழே அதுதான் இருக்கிறது. 44 கிலோ உடம்பில் அந்தச் சதையின் தடிமன் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? தோளுக்கு எடுக்கும் ஊசியோ 30, 40 மில்லிமீட்டர் நீளம். பழகியவர் அந்தச் சதையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்து, பிடித்த சதைக்குள்ளேயே ஊசியைக் கிடையாக ஓட்டுவார். மேலிருந்து கீழாக நேரே இறக்கினால் நுரையீரலின் உறையில் போய் முட்டலாம்.

அப்படி முட்டினால் நுரையீரலில் விழும் ஓட்டை மிகச் சிறியது. அதனால் காற்று கசிந்து சேர நேரம் பிடிக்கும். ஊசி போட்டதும் எழுந்து சிரித்தபடி வீட்டுக்குப் போனவருக்குச் சாயங்காலம் குத்துகிறது, சிலருக்கு மறுநாள்கூட. மூச்சை இழுத்தால் கூர்மையான குத்தல், வறட்டு இருமல், மாடிப்படியில் வழக்கமில்லாத இரைப்பு. கழுத்து, தோள், முதுகின் மேல்பகுதி, நெஞ்சு ஆகிய இடங்களில் ஊசி போட்ட இரண்டு மூன்று நாட்களுக்குள் இவற்றில் ஒன்று வந்தாலும் எக்ஸ்ரேதான், அதுவும் அன்றே. படுக்கவைத்து எடுத்தால் சிறிய காற்றுக் கீற்று கண்ணில் படாமல் போகலாம், நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். இரைப்பு நிமிடத்துக்கு நிமிடம் கூடினால், நெஞ்சு படபடத்து உதடு நீலம் பாய்ந்தால், எக்ஸ்ரே நிலையத்தில் வரிசையில் நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

உங்களுக்கு இருப்பதுபோல் சின்னக் கீற்று என்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். நாளொன்றுக்கு அந்தப் பக்க நெஞ்சறையின் கொள்ளளவில் ஏறக்குறைய 2 சதவீதம் என்பது கணக்கு. மறு எக்ஸ்ரேயில் முழுதும் மறையும்வரை பாரம் தூக்க வேண்டாம், விமானப் பயணமும் வேண்டாம். படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் சொன்னபிறகு வேலைக்குப் போங்கள்.

மற்ற பயங்களுக்கு அதிகம் எழுதப் போவதில்லை. சதை துள்ளியது நரம்பில் பட்டதால் அல்ல. இறுகிக் கிடந்த இடத்தில் ஊசி பட்டால் தசை ஒருமுறை வெட்டும், அதைத்தான் ஊசி போடுபவர் எதிர்பார்க்கிறார். கன்றல் சகஜம். அயர்லாந்துப் பிசியோதெரபிஸ்ட்கள் 7,629 ஊசி சிகிச்சைகளைக் குறித்துவைத்து 2014-ல் வெளியிட்ட கணக்கில் ஏழெட்டு சதவீதம் கன்றல்தான். (அந்தக் கணக்கில் பெரிய ஆபத்து ஒன்றுகூட இல்லை. அதைக் காட்டி 'ஆபத்தே கிடையாது' என்று யாராவது சொன்னால் உங்கள் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்.) எய்ட்ஸ்? பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதோடு விடுங்கள். கை விழும் என்ற யூடியூப் மருத்துவரை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை. எல்லாப் பயத்தையும் வரிசையாக எழுதிவிட்டு, நிஜமாக இரைத்ததற்கு ஓமத் தண்ணீர் குடித்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

அக்குபஞ்சரா என்றால், ஊசி அதே ஊசி, கணக்கு வேறு. அக்குபஞ்சர்காரர் சீன மரபின் புள்ளிகளைத் தேடுவார். ட்ரை நீட்லிங் செய்பவர் கையால் தடவித் தசையில் வலிக்கும் முடிச்சைத் தேடுவார். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல் அந்த முடிச்சுகளில் மரத்துப்போகும் மருந்தை ஏற்றினார். மருந்தே இல்லாமல் வெறும் ஊசி பட்டாலும் வலி குறைகிறது என்று 1979-ல் எழுதியவர் செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட். மருந்து இல்லாததால்தான் 'ட்ரை' என்று பெயர். பலன் உண்டா? உண்டு, சில வாரங்களுக்கு. வலி அடங்கியிருக்கிற அந்த வாரங்களில் தோளுக்கான பயிற்சியைச் செய்யாமல், தையல் மெஷின் முன்னால் அதே கூனலோடு பத்து மணி நேரம் உட்கார்ந்தால் முடிச்சு திரும்ப வரும்.

சரி, நீங்கள் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தம்பி உங்களை வைத்துப் பழகினாரா?

பிசியோதெரபி நம்மூரில் அவர் படித்தபோது நாலரை ஆண்டுப் படிப்பு. எந்தத் தசைக்குக் கீழே எது இருக்கிறது என்பதை அவர் உடற்கூறியல் கூடத்தில் பார்த்துப் படித்தவர்தான். ஊசி பெரும்பாலும் பட்டத்துக்குப் பிறகு குறுகிய பயிற்சியில் கற்பது. இரண்டு நாளில் ஊசி பிடிக்கக் கற்கலாம். தொடை, கெண்டைக்கால், புட்டம் என்று சதை தடித்த, கீழே நுரையீரல் இல்லாத இடங்களில் தொடங்கலாம். நல்ல பயிற்சிகள் அப்படித்தான் தொடங்குகின்றன. நெஞ்சைச் சுற்றிய தசைகளை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவைக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 80 மணி நேரம் கேட்கிறார்கள், அதில் பாதி கையால் செய்து பழகுவது. பக்கத்தில் ஒரு மூத்தவர் நின்று 'கோணத்தை மாற்று' என்று அதட்டும் மணி நேரங்கள் அவை. சுவரில் மாட்டிய சான்றிதழில் அந்த மணி நேரம் எழுதியிருக்காது.

அவர் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று, நாற்காலி. ஊசியைப் பார்த்துத் தலை சுற்றி விழுபவர்கள் உண்டு, அதனால் படுக்கவைத்துத்தான் போட வேண்டும். இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது: மூச்சில் குத்தினால் உடனே வாருங்கள் என்று அவர் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தால் ஓமத் தண்ணீர் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். தோளில் ஊசி போடும் முன் இந்த ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது பயிற்சியின் முதல் பாடம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதும் அதே பாடம். ஊசியை வேகமாகக் குத்தக் கற்றவரைவிட, இதைக் கேட்கக் கற்றவரிடம் நான் என் தோளைக் கொடுப்பேன்.

வியாழக்கிழமை போகாதது சரி. ஆனால் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு ஒருநாள் அவரிடம் போங்கள், ஊசிக்கல்ல. நடந்ததைச் சொல்லுங்கள். மனம் நோகும்தான். நோகட்டும். உங்களிடமிருந்து கேட்காவிட்டால் அடுத்து வரும் ஒல்லியான பெண்ணுக்கும் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவார். நல்ல பையன் என்கிறீர்கள், அப்படியானால் மூத்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய் நிற்பார். நுரையீரல் சரியானபின் தோள் பயிற்சியை அவரிடமே தொடரலாம், அதில் தவறில்லை. தோளில் மட்டும் இனி ஊசி வேண்டாம்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர். நாலரை வருடம் படித்தவர் கையிலேயே இது நடந்திருக்கிறது. பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். பிரித்துவிட்டாரென்றால் அப்படியே குப்பையில் கொட்டாதீர்கள், குப்பை அள்ளுபவர் கையில் குத்தும். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, மறு எக்ஸ்ரேக்குப் போகும்போது மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.