மழைக்கு ஃபைபர் போகுமா? 100 எடுத்த வீட்டில் பின் அறைக்கு 18 மட்டும் ஏன்?

நீங்கள் கேட்டது இது: வீடு திருகோணமலை உப்புவெளிப் பக்கம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்தும் பின் அறையில் 18க்கு மேல் ஏறவில்லை. மாரி தொடங்கியதும் சிவப்பு லைட் விட்டு விட்டு எரிகிறது. பழைய செம்பு வயருக்கே திரும்பலாமா?

திரும்ப வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தனித்தனிப் பழுது. பின் அறையின் 18க்கும் ஃபைபருக்கும் சம்பந்தம் இல்லை, சிவப்பு லைட்தான் ஃபைபருடையது. இரண்டையும் சேர்த்து "இன்டர்நெட் சரியில்லை" என்று முறைப்பாடு கொடுத்தால், வருகிறவர் ஃபைபர் வயர் வந்து முடிகிற ரவுட்டர் பெட்டியை ஒருதரம் நிறுத்திப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

சுலபமானதை முதலில் முடிப்போம். ஒரு லப்டொப்பை லான் வயரால் நேரே பெட்டியில் குத்தி வேகம் பாருங்கள். 90க்கு மேல் வந்தால் வெளியில் இருந்து வருவது சரி, வீட்டுக்குள் வைஃபைதான் தேய்கிறது. வைஃபைக்கு இரண்டு அலை உண்டு. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் இளைத்துவிடும். போன் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்குத் தாவும், அங்கே அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பெட்டி டிவி அலுமாரிக்குள் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். பின் அறைக்கு ஒரு லான் வயர் (Cat 5e) இழுத்து, அந்த முனையில் இன்னொரு வைஃபை பெட்டியை அக்சஸ் பொயின்ட்டாக, அதாவது அங்கிருந்தே வைஃபை கொடுக்கும்படி, வையுங்கள். வயரில்லாமல் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்புகிற மலிவு ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும், அதனால் நான் சொல்லமாட்டேன்.

இனிச் சிவப்பு லைட். கம்பத்தில் இருந்து வரும் வயருக்குள் இருப்பது தலைமுடி அளவு கண்ணாடி இழை, 125 மைக்ரோன். அதில் லைட் ஓடுகிற பாதை வெறும் 9 மைக்ரோன். எக்ஸ்சேஞ்சில் ஒரு இழையில் புறப்படும் லைட்டை, வழியில் உள்ள ஸ்பிளிட்டர் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பெரும்பாலும் 32 வீடு.

வீட்டுக்கு எவ்வளவு லைட் வந்து சேர்கிறது என்பதுதான் எல்லாம். அதை டிபிஎம் (dBm) என்ற லைட் பல அளவில் அளப்பார்கள். எண் கீழே இறங்க இறங்க லைட் மங்கல். எக்ஸ்சேஞ்சில் +3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 ஆகப் பிரிப்பதில் 17 போகும். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒன்றரை, ஒட்டுகளிலும் கனெக்டர்களிலும் ஏறக்குறைய 2. மிஞ்சுவது −17.5. வழமையான பெட்டி −27 வரை தாங்கும். ஒவ்வொரு 3 குறையும்போதும் லைட் பாதியாகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். −20இல் நிற்கும் வீட்டுக்கு மாரி ஒரு பொருட்டில்லை. −26இல் நிற்கும் வீடு வெயிலுக்கு ஓடும், வாடைக்காற்று எழும்பினால் விழும்.

அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போனால், ஒப்டிக்கல் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (Rx Power) என்று இருக்கும், வந்து சேரும் லைட்டின் அளவு அதுதான். அது பூட்டியிருந்தால், வருகிறவரிடம் லைட்டை அளக்கும் பவர் மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல ஆள் சந்தோஷமாகக் காட்டுவார்.

மழைத்தண்ணீர் கண்ணாடிக்குள் ஓடும் லைட்டை மங்கச் செய்யாது. இழுபடுகிற வயரும், ஈரம் ஏறிய இணைப்பும்தான் காரணம். வீட்டு வயரின் ஓரத்தில் இரும்புக் கம்பி ஒன்று கூடவே வரும். பாரத்தைத் தாங்க வேண்டியது அது. கடலோரத்தில் உப்புக்காற்றுப் பட்டு அதைப் பிடித்திருக்கும் கொக்கி துருப்பிடித்து விட்டுவிட்டால், இழுவை முழுக்க இழையில் விழும். அந்த இழுவை சுவர்ப் பெட்டிக்குள் கையால் பூட்டிய கனெக்டரில் போய் முடியும். உள்ளே இழைகள் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் முடியளவு இடைவெளி விழுந்தாலே போதும். தென்னை மட்டை வயரில் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். சுவர்ப் பெட்டியில் அந்தக் கனெக்டரை எடுத்துவிட்டு, இழைகளை மெஷினால் உருக்கி ஒட்டச் சொல்லுங்கள். வயர் சுவருக்குள் நுழைய முன்னர் கீழே தொங்கி மேலே ஏறுகிறதா என்றும் பாருங்கள். அந்தத் தொங்கல் இல்லாவிட்டால் தண்ணீர் வயர் வழியே ஓடி நேரே சுவர்ப் பெட்டிக்குள் இறங்கும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டிய இன்னொரு இடம். கரண்ட் வயருக்கு அடிக்கிற கிளிப்பையே ஃபைபருக்கும் சுத்தியலால் இறுக்கி அடித்திருப்பார்கள். கதவு நிலை மூலையில் சடாரென்று மடக்கியும் இருப்பார்கள். தேநீர்க் கோப்பையின் வாயைவிட ஒடுங்கிய வளைவு இருந்தால் தளர்த்தி விடுங்கள். ரவுட்டரில் குத்தியிருக்கும் ஃபைபர் வயரின் பச்சை முனையை நீங்கள் கழற்ற வேண்டாம். அதன் முகம் 8 பாகை சரிவாகத் தேய்த்தது, ஒரு தூசி போதும் பாதையை மறைக்க. சாரத்தில் துடைத்துத் திரும்பக் குத்தினால் நிலைமை மோசமாகும். அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது, அந்த லைட் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

கேள்விக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டிகளோடு வரும் தாளில் தமிழ் ஒரு வரி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மா தனியாக என்று எத்தனை வீடு நம்மூரில்! சிவப்பு லைட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்ஓஎஸ் (LOS) என்றால் என்னவென்று அவருக்கு யார் சொல்வது? வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி எழுதி வையுங்கள்: "சிவப்பு எரிந்தால் லைட் வரவில்லை, முறைப்பாடு கொடு. PON என்று எழுதிய லைட் மினுங்கிக்கொண்டே இருந்தால் லைட் வருகிறது, எக்ஸ்சேஞ்ச் இன்னும் பெட்டியை ஏற்கவில்லை." இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னாலே, வருகிறவர் சரியான சாமானோடு வருவார்.

கரண்ட் போனால் லைனும் போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். போவது உங்கள் பெட்டி மட்டும். வழியில் உள்ள ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையே இல்லை, எக்ஸ்சேஞ்சில் பற்றரி இருக்கும். பெட்டியில் 12 வோல்ட் 1.5 அம்பியர் என்று இருந்தால் அதே அளவில் கரண்ட் போனாலும் பற்றரியில் ஓட்டும் ஒரு சின்ன டிசி யூபிஎஸ் வாங்குங்கள். பழைய ரவுட்டரின் 9 வோல்ட் அடப்டரைக் குத்த வேண்டாம். இடி மின்னலுக்கு கண்ணாடி பயப்படாது, ஆனால் அடப்டரைக் கழற்றுங்கள். கண்ணாடி கடத்தாவிட்டாலும் இரும்பு மின்னலைக் கடத்தும், அதனால் வயரோடு வரும் அந்த இரும்புக் கம்பியை வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்தியிருக்கிறார்களா என்றும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.