மலைக்கு எத்தனை இரவு?

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சிசிலித் தீவில், பலேர்மோவில் இருக்கிறோம். ஊர் யாழ்ப்பாணம். ஆகஸ்ட் நடுவில் எனக்கு எட்டு நாள் லீவு கிடைக்கும். அப்பா, அம்மா, மனைவி, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எங்கள் காரிலேயே வட இத்தாலியின் டோலமைட் மலைகளுக்குப் போக ஆசை. ஓட்டப்போவது நான் ஒருவன்தான். மெசினாவில் கடலைத் தாண்டி முதல் நாள் சலெர்னோ, பிறகு நாப்போலி, ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று நாளுக்கு ஒரு ஊர் பார்த்து, ஆறாம் நாள் கொர்த்தினாவும் ஸ்டெல்வியோ கணவாயும், ஏழு எட்டில் திரும்புவது என்று திட்டம். அம்மா வருடந்தோறும் பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போகிறவர். அப்பாவுக்கு மூட்டுவலி. இந்தத் திட்டம் சரிவருமா?

க., பலேர்மோ

அன்புள்ள க.,

சரிவராது தம்பி. மலை பார்க்கத்தான் கிளம்புகிறீர்கள், ஆனால் எட்டு நாளில் மலைக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பகல். கொர்த்தினாவிலிருந்து ஸ்டெல்வியோவுக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேலான வளைவுப் பாதை. அந்தப் பகலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விடும். பலேர்மோவிலிருந்து டோலமைட் பக்கத்து நகரமான பொல்சானோவுக்குத் தரைவழி 1500 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும்போது அதே தூரத்தை இரண்டே நாளில், மாற்றி ஓட்ட ஆள் இல்லாமல் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பின்சீட்டில் உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மலையில் எத்தனை இரவு தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் நான்கு என்பேன். மற்றதெல்லாம் அந்த நான்கு இரவுக்கு வழிவிடட்டும். ரோமையும் வெனிஸையும் ரயிலில் போய் வேறொரு முறை பார்க்கலாம், அவற்றுக்குக் கார் தொந்தரவுதான்.

நான்கு இரவு எப்படிக் கிடைக்கும்? கப்பலால். பலேர்மோவிலிருந்து வடக்குத் துறைமுகமான ஜெனோவாவுக்குக் காரோடு போகும் கப்பல் இரவில் புறப்பட்டு, சார்டீனியாவுக்கும் கோர்சிகாவுக்கும் கிழக்கே கடலில் ஏறி, ஏறக்குறைய 20 மணி நேரத்தில் மறுநாள் மாலை கரை சேரும். டிக்கெட்டோடு கேபினும் எடுத்தால் செலவு கூடும்தான். மெசினா வழியில் நீங்கள் கொடுக்கப்போகும் பெட்ரோல், டோல், இரண்டு இரவு ஹோட்டல் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் பயந்த அளவுக்கு இருக்காது. நீங்கள் தூங்கிக்கொண்டே இத்தாலியின் முக்கால் நீளத்தைக் கடந்திருப்பீர்கள்.

கப்பல் நகர்ந்த பிறகு கார்த் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், இறங்கி எதையும் எடுக்க முடியாது. அதனால் அப்பாவின் மருந்து, பிள்ளைகளின் மாற்றுத் துணி, சாப்பாடு, ஆளுக்கொரு ஸ்வெட்டர் எல்லாம் ஒரே பையில் மேலே வரவேண்டும். கேபினில் ஏசி குளிர் எலும்பைத் தொடும். காரைக் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அலாரத்தை அணைத்துவிடுங்கள். கப்பல் ஆடும்போது அது தானாக அலறும். வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே கொடுக்கவேண்டும், ஆடத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

ஜெனோவாவில் இறங்கியதும் நகரத்துக்குள் போகாமல் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஓட்டி, பியாசென்சா பக்கம் சமவெளியில் படுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை பிரெஷியா வழியாக வெரோனா, அங்கிருந்து வடக்கே ஏ22 நெடுஞ்சாலை. அதிஜே ஆற்றோடு போகும் இந்தச் சாலையில் முதலில் திராட்சைத் தோட்டம், அப்புறம் ஆப்பிள் தோட்டம், இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கிக்கொண்டே வரும். அந்த மூன்றாம் நாள் மதியத்துக்குப் பிறகு நீங்கள் கார்தேனா பள்ளத்தாக்கில் ஒர்த்திசேயில் இருக்கலாம். அங்கே பெயர்ப் பலகைகளில் இத்தாலியன், ஜெர்மன், லதீன் (லத்தீன் அல்ல, அந்த மலைப் பள்ளத்தாக்குகளின் சொந்த மொழி) என்று மூன்று மொழி இருக்கும். ஒரே ஊருக்கு மூன்று பெயர், வழி தவறிவிட்டதாகப் பதறவேண்டாம்.

நான்கு இரவும் அந்த ஒரே ஊரில், சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்ப்பதுதான் பெரியவர்களைக் களைப்பாக்குகிறது. குக்கரும் அரிசியும் கொண்டுபோங்கள். ஒர்த்திசே 1200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, திறந்த பானையில் சோறு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். அங்கே பல விடுதிகள் தங்குபவர்களுக்கு விருந்தினர் அட்டை ஒன்று கொடுக்கும், அதைக் காட்டி அந்த மாநிலத்துப் பேருந்துகளிலும் உள்ளூர் ரயில்களிலும் இலவசமாகப் போகலாம். அறை பதிவு செய்யுமுன் அட்டை உண்டா என்று கேளுங்கள். ஓட்டுகிறவருக்கு அதுதான் ஓய்வு.

அப்பாவுக்காக ஒரு முழு நாள் ஆல்பே தி சியூசிக்கு. உயரத்தில் பரந்து கிடக்கும் புல்வெளி, 50 சதுர கிலோமீட்டருக்கு மேல். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பொதுவாக வெளிக் கார்களை மேலே விடமாட்டார்கள். நல்லதுதான், ஒர்த்திசேயிலிருந்தே கேபிள் கார் 2000 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். மேலே பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே 3181 மீட்டர் சஸ்சொலுங்கோ சிகரம். மூட்டுவலிக்காரர் ஒரு அடி ஏறவேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த வெளிறிய பாறையைக் காட்டி, இது ஒருகாலத்தில் கடல் என்று சொல்லுங்கள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெப்பக் கடலில் வளர்ந்த பவளத்திட்டுகளும் கடலடிப் படிவுகளும்தான் இறுகி, ஆப்பிரிக்கப் பக்கமிருந்து நிலத்தட்டு நெருக்க, இப்படி மேலே வந்து நிற்கின்றன. தீவில் வளரும் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

இன்னொரு நாள் செல்லா மலைக்கூட்டத்தைச் சுற்றும் நான்கு கணவாய்கள்: கார்தேனா, கம்பொலோங்கோ, பொர்தோய், செல்லா. இதைக் காரில் செய்யுங்கள், காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள். பத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் பாதையை நிறைத்துவிடும். பிற்பகலில் இடி மழை வருவது அங்கே கோடையில் வாடிக்கை. அரப்பா என்ற ஊரிலிருந்து பொர்தோய் ஏறுகையில் 33 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வரட்டும். 2239 மீட்டர் கணவாயிலிருந்து கேபிள் கார் சில நிமிடங்களில் 2950 மீட்டருக்குப் போகும். பெல்லெக்ரினோ மலை 600 மீட்டர்தான் என்றாலும், அதை நடந்தே ஏறுகிற அம்மா இங்கே நின்று பார்க்கவேண்டும். ஜூனிலும் அங்கே பனி கிடக்கும், கனமான ஜாக்கெட் தேவை. இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மேலே கூட்டிப்போகாதீர்கள்.

இறங்குவதுதான் கவனமாகச் செய்யவேண்டியது. ஆறு பேரோடு பாரமான கார். பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிக் கருகல் வாடை வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாம் கியரில் விடுங்கள், எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன் அழுத்தி மிதித்து உடனே விட்டுவிடுங்கள். பின்னால் யாராவது ஹார்ன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். கிளம்பும் முன் பிரேக் பேடை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

மீதி ஒரு நாளை மழைக்கு வைத்திருங்கள். மழை வந்தால் பொல்சானோ அருங்காட்சியகத்தில் ஓட்சியைப் பார்க்கலாம், 1991இல் பனியாற்றில் கிடைத்த, 5000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்.

ஸ்டெல்வியோவை விட்டுவிடுங்கள். 2757 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் 48 வளைவு, 1820களில் ஆஸ்திரியப் பேரரசு போட்ட அருமையான சாலை. ஆனால் உங்களுக்கு அது போக வரவே ஒரு முழு நாள், பின்சீட்டில் ஆறு வயதுப் பிள்ளை.

திரும்பும்போது ஜெனோவா வேண்டாம், லிவோர்னோ துறைமுகத்துக்கு வாருங்கள். மோதெனா, பொலோஞா, புளோரன்ஸ் புறவழி, 450 கிலோமீட்டருக்கு மேல். ஏழாம் நாள் விடியலில் கிளம்பினால் பிற்பகலில் பீசாவில் பிள்ளைகள் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கலாம். இரவு கப்பல் ஏறினால் எட்டாம் நாள் மாலை பலேர்மோ.

ஆகஸ்ட் நடுவை முடிந்தால் மாற்றுங்கள். 15ஆம் தேதி விடுமுறையை ஒட்டி இத்தாலியே மலைக்கும் கடலுக்கும் கிளம்பும், கப்பலும் அறையும் விலை ஏறிவிடும், சனிக்கிழமை ஏ22 நகராது. பள்ளி ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. ஜூன் கடைசி வாரம் கேட்டுப் பாருங்கள். பகல் நீளம், கணவாய்கள் வழக்கமாகத் திறந்துவிடும், புல்வெளியில் பூ இருக்கும்.

லிவோர்னோவிலிருந்து பலேர்மோவுக்கு எல்லா நாளும் கப்பல் கிடையாது. முதலில் அது எந்தக் கிழமைகளில் என்று பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நாளைக் குறியுங்கள். கேபின், வீடு எல்லாம் அதன்பிறகு. வண்டியின் நீள, உயரத்தைச் சரியாகக் கொடுங்கள், கூரையில் பெட்டி வைத்தால் உயரம் மாறும், கட்டணமும் மாறலாம்.

அன்புடன்.