அலுமினியத்தைக் கிள்ளிப் போட்டால் வரும் வினை

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் அரை டன் இண்டக்ஷன் ஃபர்னஸ் (மின்சார உருக்கு உலை) வைத்து வால்வு பாடி வார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டபிள்யூசிபி கிரேடு (வால்வுக்கான கார்பன் ஸ்டீல் வார்ப்பு ரகம்). முன்பு ஃபெரோ மாங்கனீஸ், ஃபெரோ சிலிக்கான் மட்டும் போட்டோம், பின்ஹோல் (ஊசித்துளை) தொல்லை இருந்தது. ஹீட்டுக்கு (ஒருமுறை உருக்கும் அரை டன்னுக்கு) 150 கிராம் அலுமினியம் போட்டதும் அது நின்றது. ஆனால் எலாங்கேஷன் (இழுத்தால் உடையுமுன் நீளும் அளவு) 22 சதவீதம் வரவேண்டிய இடத்தில் 15, 16தான் வருகிறது. கெமிஸ்ட்ரி சரி. மறுபடி நார்மலைஸ் செய்தும் (சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டும்) ஏறவில்லை. கோவை பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். அலுமினியத்தை நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம், கூட்டுங்கள். பெருங்காயம் மாதிரி துளி போட்டால் போதும் என்ற நினைப்பில்தான் பல பட்டறைகள் இங்கே மாட்டுகின்றன.

ஸ்டீலில் இருக்கும் கந்தகத்தை மாங்கனீஸ் பிடித்து மாங்கனீஸ் சல்ஃபைடு ஆக்குகிறது. அது எந்த வடிவில் படியும் என்பதைத் தீர்மானிப்பது உருக்கில் மிஞ்சிய ஆக்சிஜன். 1938இலேயே சிம்ஸ், டாலே என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை மூன்று வகையாகப் பிரித்துவிட்டார்கள். சிலிக்கான் மட்டும் போட்டால் ஆக்சிஜன் கொஞ்சம் தங்கும், சல்ஃபைடு உருண்டை உருண்டையாகச் சிதறி நிற்கும், கெடுதல் குறைவு. அலுமினியம் அரைகுறையாக இருந்தால் சல்ஃபைடு கடைசியில் உறைந்து, கிரெய்ன் (ஸ்டீலின் படிக மணி) எல்லைகளில் பாசிமணிச் சரம் போலக் கோத்துக்கொள்ளும். இழுத்தால் அந்தச் சரம் வழியே பிய்யும். அலுமினியம் தாராளமாக இருந்தால் சல்ஃபைடு கோணலான தனித்தனித் துண்டுகளாக மாறும், எலாங்கேஷன் திரும்பி வரும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். 500 கிலோவுக்கு 150 கிராம் என்றால் 0.03 சதவீதம். பாதிக்கு மேல் காற்றிலும் ஸ்லாகிலும் (உருக்கின் மேல் மிதக்கும் கசடு) எரிந்துபோகும். மிஞ்சுவது 0.01 சதவீதத்தை ஒட்டி. எலாங்கேஷன் சரியும் பள்ளமே அங்கேதான் இருக்கிறது.

உறுதி செய்துகொள்ள, உடைந்த டெஸ்ட் பாரிலிருந்து ஒரு துண்டை பாலிஷ் செய்து, எட்ச் செய்யாமல் (அமிலம் தடவாமல்) மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கில் பாருங்கள். புறா நிறச் சாம்பலில் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் சந்தேகமே வேண்டாம். எட்ச் செய்துவிட்டால் ஃபெரைட், பெர்லைட் என்ற ஸ்டீலின் உள்ளமைப்பு அழகாகத் தெரியும், குற்றவாளி மறைந்துவிடுவான்.

அடுத்த ஹீட்டுக்கு 500 கிராம் போட்டு, ஸ்பெக்ட்ரோவில் (கெமிஸ்ட்ரி பார்க்கும் கருவி) மிஞ்சிய அலுமினியம் 0.03 முதல் 0.05 சதவீதம் வரை வருகிறதா என்று பாருங்கள். மாங்கனீஸும் சிலிக்கானும் ஃபர்னஸிலேயே முதலில் போகட்டும். லேடில் (உருக்கை ஏந்தும் வாளி) மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் அலுமினியத்தைக் கம்பியில் கட்டி உள்ளே அமுக்குங்கள். ஸ்லாக் மேல் வீசினால் ஸ்லாகுக்குத்தான் சமைத்ததாகும்.

அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. அலுமினியம் நைட்ரஜனோடு சேர்ந்து அலுமினியம் நைட்ரைடு ஆகும். மிக நுண்ணிய துகளாக இருந்தால் நல்லது, நார்மலைஸ் செய்யும்போது கிரெய்ன் பெருக்காமல் பிடித்துவைக்கும். ஆனால் கனமான ஃபிளாஞ்சு (குழாயோடு இணையும் தடித்த விளிம்பு) மெதுவாக ஆறும்போது அதுவே எல்லைகளில் தகடாகப் படியும். உடைத்தால் கல்கண்டு உடைத்த மாதிரி பளபளவென்று முகம் முகமாகத் தெரியும். ஆங்கிலத்திலும் அதற்குக் கல்கண்டு முறிவு என்றுதான் பெயர்.

கால்சியம் சிலிசைடு பற்றியும் கேட்பீர்கள். அலுமினியம் ஆக்சிஜனைப் பிடித்து ஆகும் அலுமினா 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும், கொத்துக் கொத்தாகத் திரியும். கால்சியம் சேர்ந்தால் 1450க்குக் கீழே உருகும் உருண்டையாகிவிடும். ஆனால் கால்சியம் 1484 டிகிரியிலேயே கொதிக்கும், உங்கள் உருக்கோ 1600இல் நிற்கிறது. மேலாகத் தூவினால் பளிச்சென்று எரியும், காசும் அதோடு போகும். அலுமினியத்துக்குப் பிறகு, ஆழமாக அமுக்க வேண்டும். கந்தகம் அதிகமானால் கால்சியம் சல்ஃபைடு உண்டாகி வேறு வம்பு.

ஆக, கந்தகம்தான் மூலம். சிலிக்கா ராம்மிங் (உட்சுவர்ப் பூச்சு) போட்ட ஃபர்னஸில் அது குறையாது. உள்ளே போன கந்தகம் அப்படியே வெளியே வரும். வாளையார் தாண்டி கோவை லேத் பட்டறைகளிலிருந்து டர்னிங் (கடைசல் சுருள்) வாங்குகிறீர்களா? அதில் ஃப்ரீ கட்டிங் ரகம் (எளிதாகக் கடைய வரும் ஸ்டீல்) கலந்திருக்கலாம். இஎன் 1ஏ போன்றவற்றில் 0.2 சதவீதத்துக்கு மேல் கந்தகம் வேண்டுமென்றே சேர்ப்பார்கள், சுருள் உடைந்து விழ. கொஞ்சம் கலந்தாலே டபிள்யூசிபிக்கான 0.035 சதவீதக் கந்தக எல்லையைத் தொட்டுவிடும். டர்னிங்கைக் குறைத்து, கட்டியான ஸ்கிராப் வாங்குங்கள்.

திரும்பி வந்த பாடிகளை இன்னொரு முறை நார்மலைஸ் செய்து கரண்டு செலவு செய்யாதீர்கள். 900 டிகிரிச் சூட்டில் கிரெய்ன் மாறும், சல்ஃபைடுச் சரம் அசையாது. உருக்கிவிட வேண்டியதுதான். அதில் இருக்கும் பழைய அலுமினியத்தைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாக 500 கிராமே போடுங்கள்.