இலையை மூடிவிட்டு எழுந்தவருக்கு

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 36 வயது. கல்லிடைக்குறிச்சி பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். 2008-இல் இருந்தே சென்னை சூப்பர் கிங்ஸ் பைத்தியம். 2023-இல் கப்பு ஜெயித்தோமே, அந்த ராத்திரி ஒன்றரை மணிக்கு வெடி போட்டுத் தெருவையே எழுப்பினேன். 2025-இல் கடைசி இடத்துக்குப் போனோம், அதிலிருந்து மனசே சரியில்லை. அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குச் சொந்தபந்தம் எல்லாரோடும் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம். ராத்திரிப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் போனை வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். விக்கெட் வரிசையாகப் போகவும் தாங்க முடியாமல் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அப்பா அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சின்ன வயதில் என்னை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோவில் கமெண்டரி கேட்கப் பழக்கியதே அவர்தான். என் மகன் ஐந்தாம் வகுப்பு. தோற்ற மறுநாள் தெருப் பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று விளையாடக்கூடப் போக மாட்டேன் என்கிறான். தோற்றால் ரெண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசாமல் திரிகிறேன் என்று வீட்டுக்காரி, ‘ஒண்ணு அந்த டீமு, இல்லாட்டா நான்’ என்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? இல்லை, வேறு டீமுக்கு மாறிவிடலாமா? (பெயர் போட வேண்டாம்.)

பதில்: தம்பி, முதலில் அந்த இலைக் கதையை முடித்துக்கொள்வோம், மற்றதெல்லாம் அப்புறம்.

அன்றைய மேட்ச் எனக்கும் மறக்கவில்லை. 2025 ஏப்ரல் 11, சேப்பாக்கம். 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுக்கு 103, அதைக் கொல்கத்தாக்காரர்கள் பதினோராவது ஓவரிலேயே முடித்துவிட்டுப் போனார்கள். சொந்த ஊரில் அப்படி ஒரு அடி வாங்கினால் சோறு இறங்காதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருந்தது எந்த இடம்? பங்குனி உத்திரத்துக்கு நம்ம பக்கத்து ஆட்கள் சென்னையில் இருந்தும் பம்பாயில் இருந்தும் ரயில் ஏறி வந்து சேர்கிற குலதெய்வக் கோயில். வருஷத்துக்கு ஒருநாள் பங்காளிகள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிற பந்தி. அதில் ஒருவன் பாதியில் இலையை மூடி எழுந்தால் பக்கத்து இலைக்காரர், ‘என்ன, அண்ணன் தம்பிக்குள்ள ஏதும் மனத்தாங்கலா?’ என்றுதான் நினைப்பாரே தவிர, ஏழாவது விக்கெட் விழுந்துவிட்டது என்றா நினைப்பார்? உங்கள் அப்பா அன்று ராத்திரி எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் கோபம் கிரிக்கெட் மேல் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. நம்ம சாத்தான்குளத்துக்காரர் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைமுறை அது, ஆட்டத்தின் அருமை உங்களையும் என்னையும் விட அதற்கு நன்றாகவே தெரியும். போய், ‘அப்பா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். தோல்வி தந்த துக்கம், மன அழுத்தம் என்றெல்லாம் விளக்கம் கொடுத்தீர்கள் என்றால் அவருக்கு இன்னும் ஏறும்.

சரி, டீம் மாறுவது. பெங்களூர்க்காரர்களைப் பாருங்கள். 2008-இல் தொடங்கி ஒவ்வொரு வருஷமும் ‘இந்தத் தடவை கப்பு நமக்குத்தான்’ என்று சொல்லிச் சொல்லி, ஊரே கேலி செய்து, கடைசியில் 2025 ஜூன் 3-ஆம் தேதி, 18-ஆவது வருஷத்தில்தான் ஜெயித்தார்கள். பொறுத்தது போதும் என்று 2024-இல் கட்சி மாறிப் போன ஒருத்தன் இருந்திருப்பான் இல்லையா, அவனை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. உங்களால் மாறவும் முடியாது தம்பி. உங்கள் கடிதமே அதைச் சொல்கிறது. 1976-இல் அமெரிக்காவில் சில உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய கல்லூரி அணி ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜெயித்த ஆட்டம் என்றால் ‘நாம ஜெயிச்சோம்’, தோற்ற ஆட்டம் என்றால் ‘அவங்க தோத்துட்டாங்க’ என்று சொல்கிற பழக்கம் அதிகமாகத் தெரிந்தது. நம்ம டீக்கடையிலும் இதே கதைதானே, ‘ஜெயிச்சிட்டோம்லே’ என்ற அதே வாய் மறுநாள் ‘அவனுவ எங்க வெளங்கப் போறானுவ’ என்னும். நீங்களோ, ‘கப்பு ஜெயித்தோம்’ என்று எழுதின கையோடு ‘கடைசி இடத்துக்குப் போனோம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். தோல்வியிலும் ‘நாம்’ என்று சொல்கிற ஆள் கொஞ்சம்தான். எனக்கு உங்களைப் பிடித்துப்போனதும் அதனால்தான், உங்கள் வீட்டில் உங்களை வைத்துச் சமாளிக்க முடியாமல் கிடப்பதும் அதனால்தான்.

ஆக, விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், மாறுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நான் சொல்வது ஒன்றே ஒன்று: தனியாகப் பார்ப்பதை நிறுத்துங்கள். சாஸ்தா கோயிலில் ஐம்பது பேர் நடுவில் உட்கார்ந்திருந்தபோதும் நீங்கள் அந்த ஆட்டத்தைத் தனியாகத்தான் பார்த்தீர்கள். போன், உள்ளங்கை அகலத் திரை, உங்கள் மனசு, மூன்றும் மட்டும்.

என் கதையையே சொல்கிறேன். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட், 271 அடித்தால் ஜெயிப்பு. டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்துவிட்டு அவுட்டாகிறார், இன்னும் 17 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். நான்கே ரன்னில் அந்த மூன்றும் போய்விட்டது, 12 ரன்னில் தோல்வி. பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் நடுக்கூடத்திலுமாக இருபது இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை, சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. அப்போது டிவியில் பார்த்தால் சேப்பாக்கத்துக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்குக் கை தட்டுகிறது, அவர்கள் மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் மெதுவாக, ‘நல்லாத்தாம்ல ஆடுனானுவ’ என்றார். அந்த வீட்டு ஆச்சி உள்ளேயிருந்து, ‘ஏல, சுண்டல் ஆறிப் போவுதுல்லா, திங்குதியளா இல்லியா?’ என்று சத்தம் போட்டார். பிறகு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அந்தக் கடைசி மூன்று விக்கெட்டை மாற்றி மாற்றிப் பேசித் தீர்த்தோம். வீட்டுக்குப் போனபோது வருத்தம் இருந்தது, ஆனால் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போன மாதிரி, என் பங்குக்குக் கொஞ்சம்தான் மிச்சம்.

2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் அப்படி இல்லை. மும்பை 149, சென்னை 148. கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும், மலிங்கா போட்ட பந்து காலில் பட்டு அவுட். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று படுக்கையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கத்தக்கூட முடியவில்லை. அப்புறம் அந்த இருட்டிலேயே ஒவ்வொரு குரூப்பாகப் போய் மீம்ஸைப் பார்த்து, எவனோ முகம் தெரியாதவனுடன் ரெண்டு மணி வரை சண்டை போட்டேன். ஒரே ஒரு ரன்! சொன்னால் நம்புங்கள், 1999 ஆறிவிட்டது, இது இன்னும் ஆறவில்லை.

உள்ளூரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2023 டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக், நினைவிருக்கிறதா? ஜூலை 10-ஆம் தேதி சங்கர் நகர் மைதானத்தில் நம்ம நெல்லை ராயல் கிங்ஸ் திண்டுக்கல்லுக்கு எதிராக 19-ஆவது ஓவரில் மட்டும் 33 ரன் அடித்து இறுதி ஆட்டத்துக்குப் போனது. இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் கோவையோடு இறுதி ஆட்டம், நானும் போயிருந்தேன். அவர்கள் 205, நாம் 101. பாதியிலேயே கதை தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் இருந்த பையன், ‘ஏல, பஸ்ஸு இருக்கும்போதே கெளம்பிருவோமா?’ என்றான். கூட இருந்தவன், ‘இருலே, கோயம்புத்தூர்க்காரன் கப்பு வாங்குததயாவது பாத்துட்டுப் போவோம், இவ்வளவு தூரம் வந்துட்டோம்லா’ என்றான். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். 104 ரன் தோல்வி, சொந்த மண்ணில், அதுவும் இறுதி ஆட்டத்தில்! திரும்புகிற வழியில் ஒரு கடையில் நின்று பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டபடி பேட்டிங் வரிசையைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். வீட்டுக்குள் நுழையும்போது என்னிடம் கோபம் என்று ஒன்றுமே இல்லை.

அதனால் இனிமேல் மேட்ச் நாளில் கடையை அடைத்ததும் நாலு பேர் உட்காருகிற இடமாகப் பார்த்துப் போங்கள். கூட்டாளி வீட்டுத் திண்ணையோ, டிவி வைத்திருக்கிற டீக்கடையோ, எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் கடையிலேயே ஒரு டிவியைப் போட்டு நாலு ஸ்டூலைப் போட்டால்கூடப் போதும், பல்பு விற்பனையும் கூடும். தோற்ற ராத்திரி வாட்ஸ்அப்பைத் திறக்காதீர்கள், ஸ்டேட்டஸ் பக்கமே போகாதீர்கள். மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போய் ஒரு முங்கு போடுங்கள், தாமிரபரணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறீர்களே, அது எனக்குத் தாங்கவில்லை. பந்தயம், ஆப்பில் காசு கட்டுவது என்று எதுவும் கடிதத்தில் இல்லை, அப்படி ஏதாவது ஒளித்து வைத்திருந்தால் நான் எழுதுகிற இந்தப் பதில் அதற்குப் பத்தாது, இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2006 உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது, ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் அவசர இதயச் சிகிச்சைக்கு ஆளானவர்கள் சாதாரண நாட்களைப் போல 2.66 மடங்கு என்று மருத்துவர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு 36தான், ஆனால் அப்பா வயதில் இருப்பவரைக் கடைசி ஓவருக்கு உட்காரவைக்கும்போது மாத்திரை போட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் விஷயம் சின்னது, ஆனால் அவசரம். அவன் தோல்விக்குப் பயப்படவில்லை, தோற்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உங்களைப் பார்த்துப் படித்திருக்கிறான், அவ்வளவுதான். அடுத்த முறை கேலி செய்தால் அவனே முந்திக்கொண்டு, ‘ஆமாம்ல, எங்க டீமு பத்தாவது, எங்களுக்குக் கீழ ஒருத்தனும் கெடையாது, அதுக்கு இப்ப என்னங்க?’ என்று கேட்கட்டும். சிரிக்கிறவனைக் கேலி செய்ய எவனுக்கும் ருசிக்காது. கோடையில் முடிந்தால் ஒருநாள் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் ஹாக்கி காட்டுங்கள். அங்கே எந்த டீம் நல்ல கோல் போட்டாலும் கை தட்டுகிற பெருசுகள் உண்டு, அதைக் கண்ணால் பார்த்தால் நீங்கள் சொல்ல வேண்டியது பாதி குறையும்.

வீட்டம்மா ‘டீமா, நானா’ என்று கேட்டதை நேராக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோற்ற மறுநாள் யார் வீட்டில் சமைத்து, யார் பையனைச் சமாளித்து, யார் மாமனாருக்கும் உங்களுக்கும் நடுவில் தூது போனது? அந்த ஆளிடம் ரெண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். ஜெயித்த ராத்திரி தெருவுக்கே வெடி போட்டீர்களே, அன்று அவருக்கு என்ன வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் காணோம்.

அடுத்து சங்கர் நகரில் ஆட்டம் வரும்போது அப்பாவுக்கும் பையனுக்கும் உங்களுக்குமாக மூன்று டிக்கெட் எடுங்கள். நான்காவதை வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்தீர்கள் என்றால் அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.