அடர்த்தியான நெளிமுடியைக் குட்டையா வெட்டுறது எப்படி: கேள்வி பதில்

கோபிச்செட்டிபாளையம்: அக்கா, இடுப்பு வரைக்கும் முடி இருக்குதுங்க. நல்ல அடர்த்தி, நெளி. மூஞ்சி வட்டம். தோளோட வெட்டிக்கலாமுங்களா?

வெட்டலாம் கண்ணு. ஆனா சரியா தோள்ல வந்து நிக்கிற நீளம் மட்டும் வேண்டாம். முடி தோள்ல இடிச்சா வெளிப்பக்கம் மடங்கும். நெளிமுடியில கத்தைக்குக் கத்தை வேற வேற பக்கம் திரும்பிக்கும். கழுத்தெலும்புக்கு ஓரங்குலம் கீழே வச்சுக்கோ. வட்ட மூஞ்சிக்கு முன்பக்கம் பின்பக்கத்தை விட ஓரங்குலம் நீளமா இருக்கட்டும். முன் லேயர், அதாவது அடுக்கடுக்கா வெட்டுற முடி, தாடைக்குக் கீழேதான் ஆரம்பிக்கணும். கன்னத்துல முடியுற லேயர் பார்க்கிறவங்க கண்ணைக் கன்னத்துலயே நிறுத்தும், மூஞ்சி இன்னும் அகலமாத் தெரியும். வகிடு நடுவுல இருந்து ஓரங்குலம் தள்ளி.

முக்கியமா, ஈரத்துல கடைசி அளவு வைக்க விடாதே. ஈரமா இருக்கும்போது நெளி நீண்டு தொங்கும். காஞ்சா ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் ஏறிடும். கழுத்தெலும்புன்னு சொல்லி வெட்டினது தாடைக்குப் போறது இப்படித்தான். முந்தின நாள் தலைக்கு ஊத்தி, எண்ணெய் வைக்காம, அயர்ன் பண்ணாம, விரிச்சுப் போட்டுட்டுப் போ. முதல்ல வேணுங்கிற அளவுக்கு இரண்டங்குலம் கீழே வெட்டச் சொல்லு. அப்புறம் காஞ்ச முடியிலேயே கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம்.

திருப்பூர்: பாரம் குறையட்டும்னு பார்லர்ல தின்னிங் கத்தரி (பல் பல்லா இருந்து முடியை இடையிடையே வெட்டுற கத்தரி) போட்டாங்க. இப்ப உச்சியெல்லாம் சிலுப்பிக்கிட்டு நிக்குதுங்க. மறுபடியும் போட்டா அடங்குமா?

போடவே கூடாதுங்க. வேர்ப்பக்கம் தின்னிங் போட்டா உள்ளே நூத்துக்கணக்குல குட்டை முடி உண்டாகும். அது மேல இருக்கிற நீள முடியை முட்டித் தூக்கும். நெளிமுடின்னா அந்தக் குட்டை முடியும் சுருண்டு நிக்கும். அடர்த்தி குறையாது, ஒழுங்குதான் கெடும். முடி மாசத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். அதனால அடங்குறதுக்கு நாலஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் நுனியை மட்டும் கால் அங்குலம் எடுங்க. ஈரமா இருக்கும்போதே, அலசாம அப்படியே விட்டுடுற லீவ்-இன் கண்டிஷனரை உள்ளங்கையில ஒரு புளியங்கொட்டை அளவு எடுத்து, காதுக்குக் கீழே இருக்கிற முடியில மட்டும் தடவுங்க.

பாரத்தை உள்ளிருந்து எடுக்கணும். உச்சி முடியைத் தனியாத் தூக்கிக் கிளிப் போட்டுட்டு, அதுக்குக் கீழே இருக்கிற அடுக்குல, நீளத்தோட கீழ்ப்பாதியில, கத்தரியைச் செங்குத்தாப் பிடிச்சு நுனியால கொத்தி எடுக்கிறதுதான் முறை. மேல் அடுக்கு மூடிக்கிட்டிருக்கும், வெட்டினதே தெரியாது. லேயரே வேண்டாம்னு ஒரே மட்டமா வெட்டினாலும் சரிப்படாது. எடையெல்லாம் கீழே தங்கி, உச்சி தட்டையாவும் அடி விரிஞ்சும் கூம்பாட்டம் நிக்கும். ரேசர் போடுறவங்க கிட்டயும் வேண்டாம்னு சொல்லிடுங்க. நுனி பிசிறு பிசிறா ஆகி, மழைக்காலத்துல உப்பிக்கும்.

பல்லடம்: வெட்டின அன்னைக்கு அழகா இருந்துது. இரண்டு வாரத்துல நெளியே காணோம், நார் நாரா இருக்குதுங்க. வீட்டுல போர் தண்ணிதான்.

வெட்டுல குறை இல்லைங்க, தண்ணியிலதான். போர் தண்ணியில இருக்கிற கால்சியம், மக்னீசியம் உப்பு முடி மேல படிஞ்சு சொரசொரப்பாக்கும். ஷாம்பு நுரைக்கலைன்னா அதுதான் அடையாளம். கோயமுத்தூர்ப் பக்கம் உப்பு குறைஞ்ச சிறுவாணி ஆத்துத் தண்ணி ஊத்துறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லாததும் இதனாலதான். இரண்டு வாரத்துக்கு ஒருக்கா, இந்த உப்பைப் பிடிச்சு எடுக்கிற இ.டி.டி.ஏ. (EDTA) சேர்ந்த ஷாம்பு போடுங்க, லேபிள்ல பாருங்க. இல்லைன்னா 1 லிட்டர் தண்ணியில 1 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, ஷாம்புக்கு அப்புறம் ஊத்தி அலசிடுங்க. கண்டிஷனர் போட்டுட்டு, ஈரத்துலயே பல் அகலமான சீப்புல சீவுங்க. துவாலையில தேய்க்காதீங்க. உங்க ஊர்ப்பக்கம்தான் பனியன் துணிக்குப் பஞ்சமில்லையே, பழசு ஒண்ணை எடுத்து ஒத்தி எடுங்க. காஞ்ச பின்னால சீப்பே வேண்டாம். சீப்பு பட்டா நெளி பிரிஞ்சு உப்பிடும்.

தாராபுரம்: பழனியில முடி இறக்கி எட்டு மாசம் ஆச்சுங்க. காளான் மாதிரி பொங்கிக்கிட்டு நிக்குது. என்ன பண்ணலாம்?

நாலங்குலம் வந்திருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே நீளமா வளர்றதால உருண்டையாத் தெரியுது. உச்சியையும் முன்பக்கத்தையும் தொடாதீங்க. பிடரியை மட்டும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைச்சு, காதோரத்தை ஒட்டினாப்புல எடுக்கச் சொல்லுங்க. ஆறு வாரத்துக்கு ஒருக்கா பிடரியை மட்டும் இப்படி எடுத்துக்கிட்டே வாங்க. முன்பக்கம் தாடையைத் தொட்டதும் பாப் கட் தானா அமைஞ்சிடும்.

உடுமலை: நெத்தியில விழுற மாதிரி குட்டையா ஃப்ரிஞ்ச் வெட்டிக்கட்டுங்களா?

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல ஒரு நிமிசம் நிக்காது அம்மிணி. நெத்தியில சுழி இருந்தா ரெண்டாப் பிரிஞ்சும் போயிடும். ஆசைன்னா கன்னத்தெலும்பு நீளத்துக்கு ரெண்டு பக்கமும் வெட்டிக்கோ. ஹெல்மெட் போடறப்போ காதுக்குப் பின்னால ஒதுக்கிக்கலாம்.

சத்தி: குட்டையா வெட்டிட்டா முகூர்த்தத்துக்கு மல்லி வைக்க முடியாதுங்களே?

கழுத்தெலும்பு நீளம் இருந்தாப் போதும். பாதி முடியை மட்டும் உச்சிக்குக் கீழே எடுத்து, சின்ன ரப்பர் பேண்டு போட்டு, அதுக்கு மேல ரெண்டு ஊசியைக் குறுக்கா மாட்டி, சரத்தை வளைச்சு வச்சா நாள் முழுக்க நிக்கும். தாடை அளவு பாப் வேணும்னா, கல்யாணம் முடியட்டும்.