வினிகர் வாடை அடிக்கிற நெகட்டிவ்: ஒரிஜினல யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க

சைகோன்ல இருக்கற ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் வியட்நாம்காரர், அவரோட தாத்தா வியட்நாம் போர் நடந்தப்போ நாட்டோட தென்கோடில இருக்கற கா மாவ் காட்டுப் பக்கம், அமெரிக்காவ எதிர்த்துச் சண்டை போட்ட விடுதலை முன்னணி ஆளுங்க கூடவே இருந்து போட்டோ எடுத்தவர். தாத்தா தவறினதுக்கப்புறம் ஒரு தகர டப்பா நெறைய நெகட்டிவ் சுருள் கிடைச்சிருக்கு, தொறந்தா குப்புனு வினிகர் வாடை. தெரிஞ்ச ஒருத்தர் வந்து "ஃப்ரீயா ஸ்கேன் பண்ணி பெருசா பிரிண்ட் போட்டுத் தர்றேன், ஒரிஜினல் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்"னு கேக்கறாராம். குடுக்கலாமா?

குடுக்காதீங்கம்மா. ஃப்ரீனு சொல்றவனுக்கு அந்த ஒரிஜினல்தான் கூலி. ஸ்கேன் வேணும்னா காசு குடுத்து, முடிஞ்சா பக்கத்துல உக்காந்து, உங்க கண்ணு முன்னாடி பண்ணிக்கோங்க.

மொதல்ல வாடை. ஃபிலிமோட அடித்தளம் அசிடேட்னு ஒரு வகை பிளாஸ்டிக், ஈரமும் சூடும் சேர்ந்தா அது உடைஞ்சு ஆசிட் விடும், அந்த ஆசிட்டே மறுபடி உடைக்கும், புளிக்கிற மாவு மாதிரி நேரம் ஆக ஆக வேகம் கூடும், பக்கத்துல இருக்கற நல்ல சுருளையும் கெடுக்கும். அதனால வாடை அடிக்கறது, விறைச்சு சுருண்டது, மேல் படலம் குமிழ் விட்டது எல்லாத்தையும் இன்னைக்கே தனியா பிரிங்க. பேப்பர் கவர்ல போடுங்க, ஸ்டேஷனரி கடையில கிடைக்கற பளபள பிவிசி கவர் வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கிட்டத இழுக்காதீங்க, தண்ணில நனைக்காதீங்க. "கழுவி க்ளீன் பண்ணித் தர்றேன்"னு எவனாவது சொன்னா வாசலோட அனுப்பிடுங்க, காட்டுக்குள்ள ராத்திரில கிடைச்ச தண்ணிய வெச்சு டெவலப் பண்ணின ஃபிலிம்மா அது, படலம் எந்த நிலைமைல இருக்குனு அவனுக்கு என்ன தெரியும்.

அரிசி போட்டு வைக்கலாமானும் கேட்டிருக்கீங்க. இது எங்க இருந்து வந்துச்சுனு தெரியும். வோ ஆன் கான்னு ஒரு போட்டோகிராஃபர், அதே கா மாவ் சதுப்புக் காட்டுல முழங்கால் அளவு தண்ணிக்குள்ள நடந்த ஆபரேஷன் தியேட்டர 1970ல படம் எடுத்தவர், அவர் நெகட்டிவ அமெரிக்க வெடிமருந்துப் பெட்டில அரிசி போட்டு வெச்சுக் காப்பாத்தினார். அது நிஜம். ஆனா அவர் வெச்சப்போ ஃபிலிம் நல்லா இருந்துச்சு, இறுக்கி மூடின பெட்டி வெளி ஈரத்த உள்ள விடல, உள்ள வந்த கொஞ்சத்த அரிசி இழுத்துக்கிச்சு. உங்களுது ஏற்கெனவே ஆசிட் விடுது, இறுக்கி மூடினா அந்த ஆவி உள்ளயே சுத்தும், அரிசி ஆசிட்டத் தடுக்காது. அதோட இப்போ சாதா அரிசியப் போட்டா தவிடும் பூச்சியும் இலவசம். அதனால வாடை இல்லாத சுருளுக்கு மட்டும் மூடின டப்பா, அதுலயும் அரிசிக்குப் பதிலா சிலிக்கா ஜெல். வாடை உள்ளது ஸ்கேன் ஆகுற வரைக்கும் காத்தோட்டமா, முடிஞ்சா ஏசி ரூம்ல. ஸ்கேன் முடிஞ்சதும் ரெண்டு ஜிப் பைக்குள்ள போட்டு ஃப்ரீசர், அந்தக் குளிர்ல ஆசிட் விடற வேகம் ரொம்பக் கொறஞ்சிடும். எடுக்கும்போது ஒரு ராத்திரி வெளிய வெச்சு குளிர் விட்டதுக்கப்புறம்தான் பையத் தொறக்கணும்.

ஸ்கேன்ல கடைக்காரங்க பண்ற பெரிய தப்பு, தூசி நீக்குற ஆட்டோ பட்டன். அது இன்ஃப்ராரெட்ங்கற கண்ணுக்குத் தெரியாத ஒளில வேலை செய்றது, கருப்பு வெள்ளை ஃபிலிம்ல இருக்கற வெள்ளி அந்த ஒளிய மறிச்சிடும், மிஷின் படத்தையே தூசினு நெனச்சு அழிச்சிடும். ஆஃப் பண்ணச் சொல்லுங்க. 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலா, ஓரத்துல இருக்கற ஓட்டை, ஃப்ரேம் நம்பர், கம்பெனி எழுத்து எல்லாம் தெரியற மாதிரி எடுங்க, படம் நெஜம்ங்கறதுக்கு அதுதான் நாளைக்கு சாட்சி.

ஏஐல "உயிர் குடுத்து" தர்றவங்ககிட்ட உஷாரா இருங்க. 2014ல பிரான்ஸ்ல பெர்பிஞான் போட்டோ விழாவுல, தோவான் கோங் தின்ங்கற வட வியட்நாம் போர் போட்டோகிராஃபரோட கயித்துல ஏறுற சிப்பாய்கள் படத்துல பின்னணி அருவி கம்ப்யூட்டர்ல ஒட்டினதுனு கண்டுபிடிச்சு பெரிய அசிங்கமாயிடுச்சு. நெஜமாவே போர்க்களத்துல நின்ன மனுஷன், அந்த ஒரு படத்தால அவரோட மத்த படங்களையும் ஜனங்க சந்தேகமா பாக்க ஆரம்பிச்சாங்க. பிரிண்ட்டுக்குக் கீறலச் சரி பண்ணலாம், ஆனா ஸ்கேனோட நகல்ல மட்டும். பிரிண்ட் பருத்திப் பேப்பர்ல பிக்மென்ட் இங்க்ல போடுங்க, லேமினேஷன் வேண்டாம், கேன்வாஸ் வேண்டாம்.

உரிமையும் உங்க கையில இருக்கட்டும். வியட்நாம் சட்டப்படி போட்டோவுக்கு மொதல்ல வெளியானதுல இருந்து 75 வருஷம் பாதுகாப்பு. எடுத்து 25 வருஷத்துக்குள்ள வெளியாகலைனா எடுத்ததுல இருந்து 100 வருஷம். அந்த ஆள் நீட்டுற பேப்பர்ல கையெழுத்து போட்டுடாதீங்க.

காப்பகத்துக்குக் குடுக்கலாமேனு சிலர் சொல்வாங்க, குடுங்க, ஆனா மொதல்ல ஸ்கேன் உங்க கைக்கு வரணும், அப்புறம் சுருள் வாரியா எழுதின ரசீது. பல எடத்துல லெட்டர், முத்திரை, கமிட்டினு ஃபைல் நகர்றதுக்குள்ள ஃபிலிம் புளிச்சு முடிஞ்சிடும், கேட்டா "படத்துக்கு விவரம் இல்லையே"ம்பாங்க. விவரம் தெரிஞ்சவங்க வயசானவங்க, அவங்ககிட்ட போய் எழுதி வாங்க எந்த ஆபீசும் ஆள் அனுப்பறதில்ல. பாட்டி இருந்தாங்கன்னா ஸ்கேன ஃபோன்லயே காட்டி, யாரு, எந்த ஊரு, எந்த வருஷம்னு அவங்க சொல்றத ரெக்கார்ட் பண்ணிடுங்க. அதுக்கு முன்னாடி, இன்னைக்கு சாயங்காலமே அந்தப் புளிச்ச சுருள்கள வெளிய எடுங்க, மாஸ்க் போட்டுக்கிட்டு.