ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் மல்வோலியோவை ஏமாற்றுவது வெறும் விளையாட்டுதானே, அதை ஏன் சிலர் கொடுமை என்கிறார்கள்?

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. கைடில் 'நகைச்சுவைக் கிளைக்கதை' என்று போட்டிருப்பார்கள், மார்க்குக்கு அது போதும்.

ஆனால் அந்த நடுராத்திரிக் காட்சியை இன்னொரு தடவை படியுங்கள். ஒலிவியா வீட்டில் ஓசிச் சோறு சாப்பிடும் உறவுக்காரர் சர் டோபி, குடித்துவிட்டுக் கத்திப் பாடுகிறார். காரியஸ்தன் மல்வோலியோ வந்து, எஜமானி சொல்லி அனுப்பியதைச் சொல்கிறான். உடனே டோபி, "நீ ஒரு காரியஸ்தன்தானே, அதற்கு மேல் யார்?" என்கிறார். ஒலிவியா அவனைக் காதலிப்பதாக நம்பவைக்கும் பொய்க் கடிதம், அதை நம்பி அவன் மஞ்சள் காலுறையும் குறுக்கு நாடாவும் கட்டி வருவது, பைத்தியம் என்று அவனை இருட்டறையில் அடைப்பது எல்லாம் இதற்கு அப்புறம்தான் வருகின்றன.

மல்வோலியோ நல்லவன் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். தற்பெருமைக்காரன், பிறரை மட்டம் தட்டுகிறவன். ஆனால் எஜமானி மேல் ஆசைப்பட்டதுதான் குற்றம் என்றால், தூதனாக வந்தவனிடம் முதல் சந்திப்பிலேயே குலம் விசாரித்துவிட்டு, 'கனவான்' என்று தெரிந்ததும் மயங்கும் ஒலிவியாவை யாரும் அடைத்து வைக்கவில்லையே?

கல்லூரியில் மல்வோலியோவாக நடித்தது நான்தான். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். நான் வாயைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கும் என்றுதான் அந்த வேடத்தைக் கொடுத்தார்கள், அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடிதக் காட்சியில் சிரித்தார்கள், சரி. இருட்டறைக் காட்சியில் கறுப்புத் துணிக்குள்ளே நான். ஒரு கை மட்டும் வெளியே நீட்டி மெழுகுவர்த்தி, பேனா, மை, காகிதம் கேட்க வேண்டும். வெளியே பாதிரியார் வேஷத்தில் விதூஷகன், அறை வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பான். அந்தக் காலத்தில் பைத்தியத்துக்கு இருட்டில் அடைப்பதுதான் வைத்தியம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "நான் பைத்தியம் இல்லை" என்று நான் சொன்னபோது அரங்கத்தில் விசில் பறந்தது, என் உச்சரிப்புக்குத்தான்.

1602 பிப்ரவரியில் லண்டனில் மிடில் டெம்பிள் என்ற சட்டக் கல்விக்கூடத்தில் இதைப் பார்த்த சட்ட மாணவர் ஜான் மானிங்ஹாம்கூட, காரியஸ்தனை ஏமாற்றியதைத்தான் நல்ல வேலை என்று டைரியில் எழுதினார். கடைசியில் ஒலிவியா 'ரொம்ப மோசமாக நடத்திவிட்டார்கள்' என்கிறாள், அவ்வளவுதான். டோபிக்குத் தண்டனை கிடையாது. கடிதம் எழுதிய பணிப்பெண் மரியாவை, அந்த வேலைக்குப் பரிசாக, அவரே கல்யாணம் செய்துகொள்கிறார்.

இன்னொன்று. மஞ்சள் ஃபுட்பால் சாக்ஸும் குறுக்கே கட்டுகிற நாடாவும் நான் என் காசில் வாங்கியவை. பில்லைக் கொடுத்தும் நாடகக் குழு இன்றுவரை பணம் தரவில்லை. அப்போது டோபியாக நடித்தவன்தான் பொருளாளர்.